மருந்தின் செய்கை அறிந்து உண்போம்

புதுக்கோட்டை மாவட்டத்தில், தஞ்சை மாவட்ட எல்லையை அடுத்து அமைந்துள்ளது கறம்பக்குடி வட்டாரம். நெல்லும் நிலக்கடலையும் தென்னையும் விளைகின்ற இப்பகுதியின் சிற்றூர்களில் வாழும் விவசாயப் பெருமக்கள், விதைக்கும் உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் கடைவீதிக்குச் செல்லும்போது, உடல் நோய்க்கான மாத்திரைகளையும் சேர்த்தே வாங்கி வருவது வழக்கம். இவ்விரு கடைகளிலும் ஒரே விவசாயி எப்படிப் பேசுகிறார் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

பூச்சி மருந்துக் கடையில் அவர் விவரமாகப் பேசுகிறார். இலை சுருண்டதா, தண்டு துளைபட்டதா, பூச்சி சாற்றை உறிஞ்சுகிறதா, வேரைக் கடிக்கிறதா என்பதையெல்லாம் சொல்லி, அதற்கேற்ற மருந்தைக் கேட்கிறார். மாத்திரைக் கடையிலோ, “போன தடவை கொடுத்த அந்தச் சிவப்பு மாத்திரை நாலு கொடுங்கள்” என்பதோடு பேச்சு முடிந்து விடுகிறது. பயிருக்குக் காட்டும் கவனத்தை அவர் தம் உடலுக்குக் காட்டுவதில்லை. ஒரு மருந்தின் நிறமும் பெயரும் விலையும் அதன் புறத் தோற்றங்கள். அது உடலினுள் சென்று என்ன வேலை செய்கிறது என்பதே அதன் உண்மையான அடையாளம். அந்த அடையாளத்தைக் கொண்டு மருந்துகளை எவ்வாறு வகுக்கிறார்கள் என்பதையும், அதை அறிவதால் ஒரு குடும்பம் எத்தகைய தீங்கினின்று தப்பலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

வயலில் கற்ற பாடம்

மருந்தை அதன் வேலையைக் கொண்டு வகுப்பது விவசாயிக்குப் புதிதன்று. களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி என்று பிரிப்பது முதற்படி. பூச்சிக்கொல்லிகளிலும், பூச்சியின் மேல் பட்டுக் கொல்பவை ஒரு வகை. பயிரினுள் ஊடுருவிப் பாய்ந்து, சாற்றை உறிஞ்சும் பூச்சியைக் கொல்பவை மற்றொரு வகை. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் என்னும் இரு மருந்துகளை எடுத்துக் கொள்வோம். பெயர் வேறு, டப்பா வேறு. ஆயினும் இரண்டும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத் தாக்குபவை. முதல் மருந்துக்குப் பூச்சி பழகிப் போயிருந்தால், அடுத்த வாரம் இரண்டாவதைத் தெளிப்பது பணத்தை வயலில் கொட்டுவதாகவே முடியக்கூடும். மருந்தை மாற்றும்போது பெயரை மாற்றினால் போதாது, செய்கையை மாற்ற வேண்டும் என்று வேளாண்மை அலுவலர்கள் வற்புறுத்துவது இதனால்தான். இப்பாடம் மனித உடலுக்கும் அப்படியே பொருந்தும்.

நம் வைத்திய மரபில் செய்கை

சித்த வைத்தியத்தில் மருந்துகளைச் செய்முறையும் வடிவமும் கருதி வகுக்கும் முறை உண்டு. குடிநீர், சூரணம், இலேகியம், பற்பம், செந்தூரம் முதலாக அக மருந்துகள் 32 என்றும், பற்று, ஒற்றடம், களிம்பு முதலாகப் புற மருந்துகள் 32 என்றும் அதில் கூறப்படும். அத்துடன் ஒவ்வொரு மூலிகைக்கும் சுவை, தன்மை இவற்றோடு ‘செய்கை’ என்ற ஒன்றையும் சொல்வது குணபாட முறை. ஆடாதோடை கோழையகற்றி, நெருஞ்சில் சிறுநீர்பெருக்கி, வாய்விடங்கம் புழுக்கொல்லி, நிலவேம்பு சுரமகற்றி. வெப்பகற்றி, மலமிளக்கி, பசித்தூண்டி, துவர்ப்பி என்று இவ்வரிசை நீளும். ஆகவே, மருந்து உடலில் ஆற்றும் தொழிலைக் குறிக்கும் அழகிய சொற்கள் தமிழில் முன்பே உள்ளன. அவற்றை மறந்து, ‘அந்த மாத்திரை, இந்த ஊசி’ என்று பேசப் பழகியது நாமே.

உலகப் பொது அட்டவணை

இன்று உலக நாடுகள் பலவும் பின்பற்றும் ஓர் அட்டவணை, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடைபெறுகிறது. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் 1982-ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் மையம் இதைப் பேணி வருகிறது. மருந்து எந்த உறுப்பில் வேலை செய்கிறது என்பதைக் கொண்டு 14 பெரும் பிரிவுகளாகவும், பின்னர் நோக்கம், செய்கை, வேதி அமைப்பு என்று படிப்படியாகவும் பிரித்து, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குறியீடு அளிக்கிறார்கள். கிராமத்துக்குத் தெருவும் வீட்டுக்கு எண்ணும் இருப்பது போல, மருந்துக்கு இது ஒரு விலாசம். நீரிழிவுக்குரிய மெட்பார்மின் மாத்திரையின் விலாசம் ஏ10பிஏ02 என்பது. இடுப்பு வலிக்கு வாங்கும் டைக்குளோபினாக் எம்01ஏபி05, ஐபுபுரோபன் எம்01ஏஇ01. இரண்டும் ‘எம்01ஏ’ என்னும் ஒரே தெருவில் குடியிருப்பவை என்பதைக் குறியீடே காட்டி விடுகிறது.

ஆஸ்பிரின் மாத்திரைக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட விலாசங்கள் உண்டு. வலியையும் காய்ச்சலையும் தணிக்கும்போது ஒரு பிரிவிலும், சிறிய அளவில் தினமும் உண்டு இரத்தம் உறையாமல் காக்கும்போது வேறு பிரிவிலும் அது வைக்கப்பட்டுள்ளது. பொருள் ஒன்றே, அளவும் நோக்கமும் மாறும்போது அதன் தொழில் மாறுகிறது. இருதய நோயாளிக்கு டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை, “எனக்குத் தலைவலி இல்லையே” என்று சொல்லி நிறுத்திவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

மருந்து செய்யும் ஐந்து தொழில்கள்

குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை நமக்கில்லை. பொதுவாக மருந்துகள் உடலில் செய்யும் வேலைகளை ஐந்தாகக் கொண்டால் போதும்.

முதலாவது, குறையை நிரப்புதல். உடலில் இருக்க வேண்டிய ஒரு பொருள் குறைந்தால் அதையே கொடுப்பது. கர்ப்பிணிகளுக்கு அளிக்கும் இரும்புச் சத்து மாத்திரையும், கணையம் சுரக்காத இன்சுலினை ஊசி மூலம் ஏற்றுவதும் இவ்வகை. வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் இதில் அடங்கும். குடலில் சர்க்கரை உள்ளே செல்லும்போது உப்பையும், அதன் பின்னே நீரையும் இழுத்துச் செல்கிறது. 1971-ஆம் ஆண்டில் வங்க அகதிகள் தங்கியிருந்த முகாமில் காலரா பரவிய காலத்தில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் பயன்படுத்தி அதன் பயனை மெய்ப்பித்தார்.

இரண்டாவது, பகையை அழித்தல். உடலுக்குள் புகுந்த கிருமியைக் கொல்லும் மருந்துகள் இவை. பென்சிலின், பாக்டீரியாக் கிருமி தன்னைச் சுற்றி எழுப்பும் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. மனிதனின் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால், மருந்து கிருமியை மட்டும் தாக்குகிறது. டாக்சிசைக்கிளின் போன்றவை கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கும் வேலையை நிறுத்துகின்றன. சாதாரணச் சளிக்குக் காரணம் வைரசு. அதற்குச் சுவரும் இல்லை, புரதம் செய்யும் சொந்தப் பட்டறையும் இல்லை. ஆகையால் சளிக்கு இம்மாத்திரைகளை உண்பதால் பயனில்லை. வீணாக உண்ண உண்ண, உடலில் உள்ள மற்றக் கிருமிகள் அம்மருந்துக்குப் பழகிக் கொள்கின்றன.

மூன்றாவது, உடலின் உற்பத்தியைக் கட்டுப்படுத்துதல். காயமும் வீக்கமும் ஏற்பட்ட இடத்தில் உடல் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து வலியை உண்டாக்குகிறது. ஆஸ்பிரினும் அதன் இனத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகளும் அச்சுரப்பைத் தடுக்கின்றன என்பதை 1971-இல் கண்டறிந்தவர் ஆங்கில விஞ்ஞானி ஜான் வேன். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதில் மறவாது கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே பொருள்தான் இரைப்பையின் உட்தோலை அமிலத்தினின்று காக்கிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் தடையின்றிச் செல்லவும் துணை புரிகிறது. வலியை நிறுத்தும் மாத்திரை இக்காவலையும் சேர்த்தே நிறுத்துகிறது. வெறும் வயிற்றில் வலி மாத்திரை உண்பவருக்கு வயிற்றுப் புண் வருவது இதனால்தான்.

நான்காவது, உடலின் வாயில்களை அடைத்தலும் திறத்தலும். உடலின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி அனுப்பினால், அதைப் பெற்றுக்கொள்ள உயிரணுக்களின் மேல் வாயில்கள் உண்டு. அட்டினலால் என்னும் மாத்திரை இருதயத்தின் அத்தகைய வாயிலை அடைத்து, அதன் படபடப்பைக் குறைக்கிறது. அம்லோடிபின், இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணச் சத்து நுழையும் வழியை அடைத்துக் குழாயை விரிவடையச் செய்கிறது. வாயில் அடைபட்டிருக்கும் வரையில்தான் பயன். “அழுத்தம் சரியாகிவிட்டது” என்று எண்ணி மாத்திரையைத் தாமே நிறுத்தினால், வாயில் மீண்டும் திறந்து அழுத்தம் பழைய நிலைக்கு ஏறும். அட்டினலாலைத் திடீரென்று நிறுத்துவது இருதயத்துக்கே கேடாகலாம்.

ஐந்தாவது, நஞ்சை முறித்தல். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான பாம்புக்கடி ஊசி மருந்து, குருதியில் திரியும் நஞ்சையே பற்றிச் செயலற்றதாக்குகிறது. நஞ்சு உறுப்புகளைச் சேதப்படுத்தும் முன்னர் இம்மருந்து சேர வேண்டும். எனவேதான் ஒவ்வொரு நிமிடமும் அருமையானது. பூச்சி மருந்து தெளிக்கும்போது பாஸ்பரஸ் இனத்து நஞ்சு உடலில் ஏறினால், நரம்புச் செய்தியை அவ்வப்போது அழிக்கும் நொதி முடங்கி, எச்சிலும் வியர்வையும் பெருகி, கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறும். அப்பொழுது டாக்டர் செலுத்தும் அட்ரோபின் ஊசி, பெருகி வரும் செய்தியை வாயிலிலேயே தடுத்து நிறுத்துகிறது. நஞ்சு எந்த இனத்தது என்று தெரிந்தால்தான் முறிமருந்தைத் தெரிந்தெடுக்க இயலும். ஆகையால் நோயாளியுடன் பூச்சி மருந்து டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது இன்றியமையாதது.

ஒரே செய்கை, இரண்டு பெயர்

இனி, இவ்வறிவு எங்கே பயன்படும் என்பதற்கு ஓர் உதாரணம் கொள்வோம். கறம்பக்குடி வட்டாரத்து விவசாயி ஒருவர், வயது 60. நிலக்கடலை பறித்த களைப்பில் இடுப்பு வலி. ஒரு கடையில் டைக்குளோபினாக் வாங்கி உண்கிறார். வலி தீரவில்லை. மறுநாள் மற்றொரு கடையில் வேறு மாத்திரை கேட்கிறார். அவர் கையில் கிடைப்பது ஐபுபுரோபன். இரண்டையும் சேர்த்து உண்டால் வலி விரைவில் போகும் என்று எண்ணுகிறார். முன்னர்க் கண்டபடி இரண்டும் ஒரே தெருவின் மருந்துகள். வலி நீங்கும் பயன் அதற்கேற்ப உயர்வதில்லை. இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் நேரும் தீங்கு மட்டும் கூடுகிறது.

பாரசிட்டமால் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அளவோடு உண்டால் வயிற்றுக்கு அது அவ்வளவு தீங்கு செய்வதில்லை. எனினும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். வயது வந்தவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் எக்காரணம் கொண்டும் உண்ணலாகாது. மது அருந்துவோருக்கும் உடல் மெலிந்தோருக்கும் இவ்வெல்லை இன்னும் குறைவு. காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, உடல்வலி மாத்திரை என்று மூன்று பெயர்களில் வாங்கும் மூன்றிலுமே பாரசிட்டமால் கலந்திருப்பது சாதாரணம். அட்டையின் பின்புறம் வணிகப் பெயருடன் மருந்தின் மூலப்பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்தால், அல்லது பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்தால், இரட்டிப்பு உடனே தெரிந்துவிடும்.

உள்மடையும் வெளிமடையும்

அதே விவசாயிக்கு இரத்த அழுத்தமும் உண்டு என்று வைத்துக் கொள்வோம். எனலாபிரில் மாத்திரையும், உடலின் உப்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையும் டாக்டர் கொடுத்திருக்கிறார். இவை நல்ல மருந்துகளே. முறையாக உண்டு வந்தால் பக்கவாதத்தையும் இருதய நோயையும் தடுப்பவை. ஆனால், சித்திரை வெயிலில் நாள் முழுவதும் உழைத்து, தண்ணீரும் போதிய அளவு குடிக்காமல், இடுப்பு வலிக்காக டைக்குளோபினாக்கும் சேர்த்து உண்டால் என்ன நேரும்?

சிறுநீரகத்தின் வடிகட்டியை ஒரு வயலாக எண்ணிக் கொள்ளலாம். உள்மடை வழியே இரத்தம் பாய்கிறது. வெளிமடை வழியே வெளியேறுகிறது. இடையில் நிற்கும் அழுத்தத்தால்தான் கழிவு நீர் வடிகிறது. வலி மாத்திரை உள்மடையைக் குறுக்குகிறது. எனலாபிரில் வெளிமடையை அகலமாக்குகிறது. நீர் போக்கும் மாத்திரையும் வெயிலும் ஏரியின் நீர்மட்டத்தையே தாழ்த்தி விடுகின்றன. ஏரியில் நீர் குறைவு, உள்மடை குறுகல், வெளிமடை அகலம் என்ற மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் வயலில் நீர் நிற்குமா? சிறுநீரகமும் அவ்வாறே வடிகட்டும் சக்தியைச் சில நாட்களிலேயே இழக்கக்கூடும். சிறுநீர் குறைதல், கால் வீக்கம், வாந்தி ஆகியன தோன்றும்போதுதான் நோயாளி மருத்துவமனைக்கு வருகிறார். அதற்குள் காலம் கடந்து போவதும் உண்டு.

இதற்குப் பரிகாரம் அழுத்த மாத்திரையை நிறுத்துவதன்று. அழுத்த நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் வலி மாத்திரையை உண்ணாதிருப்பதே பரிகாரம். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயில் காலங்களில் எந்த மாத்திரையை உண்பது, எதை நிறுத்தி வைப்பது என்பதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

நீரிழிவு மாத்திரைகளிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. மெட்பார்மின், கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதைக் குறைக்கிறது. அது தனித்து உண்ணப்படும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. இவற்றை உண்டுவிட்டுக் காலை ஆகாரம் கொள்ளாமல் வயலுக்குச் சென்றால், சர்க்கரை தாழ்ந்து வரப்பிலேயே மயங்கி விழ நேரிடும். இரண்டையும் ‘சர்க்கரை மாத்திரை’ என்று ஒரே பெயரால் அழைக்கும் வரை இந்த எச்சரிக்கை நம் காதில் விழப் போவதில்லை.

செய்கை வேறு, நோக்கம் ஒன்று

ஒரே செய்கையுள்ள மருந்துகளைச் சேர்ப்பது தீங்கு. வெவ்வேறு செய்கையுள்ளவற்றை முறையறிந்து சேர்ப்பதோ பெரும் பலம். இதற்குச் சிறந்த சான்று காசநோய்ச் சிகிச்சை. காசநோய்க் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகும்போது, ஏதேனும் ஒரு மருந்துக்கு அடங்காதவை சில அவற்றிடையே இயல்பாகவே தோன்றிவிடும். ஒரே மருந்தைக் கொடுத்தால் அவை தப்பிப் பிழைத்துப் பல்கும். ஆகவே, கிருமியின் மேலுறையைக் கெடுக்கும் ஐசோனியாசிட், கிருமியின் உள் வேலைக்கான கட்டளை நகலைத் தடுக்கும் ரிபாம்பிசின் முதலாக நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுக்கிறார்கள். ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் சிக்கும்.

இவ்வகையில் உலகுக்கே வழிகாட்டிய பெருமை சென்னைக்கு உண்டு. 1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை அமைத்தன. தக்க மருந்துகளை முறைப்படி உண்டால், வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறுபவரும் சானடோரியத்தில் தங்கியவரைப் போலவே குணமடைகின்றனர் என்பதை 1959-இல் வெளியான அதன் ஆய்வு காட்டியது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரும் விடுதலையாயிற்று. அந்நிலையமே இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. இருமல் நின்றவுடன் மாத்திரையை நிறுத்துபவர், நான்கு காவலர்களையும் பாதி இரவில் வீட்டுக்கு அனுப்புபவரை ஒப்பார். சாதாரணக் காசநோய்க்குக் குறிக்கப்பட்ட ஆறு மாதங்களும் முழுமையாக மருந்துண்ண வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்கத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் நிறுவப்பட்டது. வணிகப் பெயரைக் கருதாமல் மூலப்பெயராலேயே மருந்துகளை வாங்குவது அதன் முறை. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வாயிலாக நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வந்தன. மருந்து வீடு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அதைப் பற்றிய அறிவும் உடன் வந்து சேர வேண்டும். அதற்கு ஊராட்சிகள் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள்ளன.

கிராம சபை கூடும் நாட்களில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ, மருந்தாளுநரையோ, கிராம சுகாதாரச் செவிலியரையோ அழைத்து, அரைமணி நேரம் இப்பொருள் பற்றிப் பேசச் செய்யலாம். மக்கள் தம் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் யாவற்றையும் ஒரு பையில் கொண்டு வந்து காட்டினால், இரட்டிப்பான மருந்தும் காலாவதியான மருந்தும் அங்கேயே புலப்படும்.

ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். மருந்தின் மூலப்பெயர், எதற்காக, எத்தனை வேளை, உணவுக்கு முன்போ பின்போ, எந்த மருந்துடன் சேரலாகாது என்ற ஐந்தையும் அதில் எழுதி, எந்த டாக்டரிடம் சென்றாலும் காட்ட வேண்டும். சித்த மருந்து உண்பவர் அதையும் மறைக்காமல் எழுதிக் காட்டுதல் அவசியம்.

அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டரின் சீட்டின்றி அம்மருந்தை உண்ணலாகாது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம். அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற தொலைபேசி எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

விதையின் இனம் கேட்காமல் எந்த விவசாயியும் நாற்றங்காலில் விதைப்பதில்லை. உரத்தின் தன்மை அறியாமல் எவரும் பயிருக்கு இடுவதில்லை. அதே கேள்வியை இனி மாத்திரைக் கடையிலும் டாக்டரிடமும் கேட்போம்: “ஐயா, இது உடம்பில் என்ன வேலை செய்கிறது? நான் முன்பே உண்ணும் மாத்திரையோடு இது சேருமா?” இவ்விரு கேள்விகளையும் கேட்கும் பழக்கம் ஒரு கிராமத்தில் வேரூன்றிவிட்டால், அக்கிராமத்தில் பல சிறுநீரகங்களும் சில உயிர்களும் காக்கப்படும் என்பதில் ஐயமில்லை.